எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு திறந்த மடல்: அடிமைகளுக்கு ஒரு பெயரடைவு வேண்டும்

தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும், அலுவலர்களுக்கும், ஆய்வறை மேசைக்குக் கட்டுகளைச் சுமந்துவந்து தரும் ஊழியர்களுக்கும் வணக்கம்.

நான் அயனாவரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். பணியில் இருந்தவரை பாடப்புத்தகம் சொன்னதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வுக்குப் பின் காந்தி இர்வின் சாலையில் உள்ள உங்கள் செங்கல் கட்டடத்துக்கு வந்து, பாடப்புத்தகம் சொல்லாததைத் தேடத் தொடங்கியவன். சோழமண்டலக் கரையில் வாங்கப்பட்டு, விற்கப்பட்டு, கப்பலேற்றப்பட்ட மனிதர்களையும், கப்பலேறாமல் இங்கேயே வயலோடு கட்டிப்போடப்பட்டவர்களையும் பற்றியதுதான் என் தேடல். இந்த மடலில் நான் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் பொறுப்பில் உள்ள ஆவணங்களில் எங்கெல்லாம் ஓர் அடிமையின் பெயர் வருகிறதோ, அங்கிருந்து அந்தப் பெயரை எடுத்துத் தமிழில் ஒரு பெயரடைவு உருவாக்க வேண்டும். மற்றவையெல்லாம் அதற்கான காரணங்களும், அதையொட்டி எழக்கூடிய சிக்கல்களுமே.

ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறேன். பழவேற்காட்டில் பிறந்து, பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அடிமையாக இருந்தவர் அவர். 1656ஆம் ஆண்டு இன்னோர் அடிமையின் சாவுக்குக் காரணமானார் என்று அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு தண்டனை குறைக்கப்பட்டு, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல்தான் அமைத்திருந்த நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்துக்கு நாடுகடத்தப்பட்டார். அங்குள்ள ஆவணங்கள் அவரைக் கத்தரீனா வான் பலியக்கத்தா என்கின்றன. 'வான்' என்றால் 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று பொருள். பலியக்கத்தா என்பது நம் பழவேற்காடு. அவருடைய மகன் வழியில் பெருகியதுதான் இன்று தென்னாப்பிரிக்காவில் பரவிக் கிடக்கும் ஸ்நைமன் குடும்பம். அந்த வழியில் வந்தவர்கள் கோர்ட்டுப் பதிவையும் தேவாலயப் பதிவையும் பக்கம் பக்கமாகப் புரட்டி, தங்கள் மூதாய் ஒரு சோழமண்டலத்து அடிமைப் பெண் என்று கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். இங்கேயோ, பழவேற்காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய், டச்சுக் கல்லறையின் வாயிலில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் படம் பிடித்து, ஏரியில் படகேறி, மீன் சாப்பிட்டுத் திரும்புகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெண்ணைத் தெரியும்? எனக்கே அறுபது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது.

அவர் தனியாள் இல்லை. கேப் டவுன் ஆவணங்களில் வான் கோரமண்டல், வான் மலபார், வான் நாகப்பட்டனம், வான் துத்துக்கோரின் என்ற பின்னொட்டுகளோடு ஆட்கள் வரிசையாக வருகிறார்கள். வெறுமனே 'கரையைச் சேர்ந்த' என்று மட்டும் எழுதியிருந்தாலும் அது பெரும்பாலும் நம் கரைதான். பஞ்சமும் படையெடுப்பும் சேர்ந்து வரும்போதெல்லாம் இந்தக் கரையில் ஆள் மலிவானது. 1659 முதல் 1661 வரையிலான காலத்தில், பிஜப்பூர் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடிப் பட்டினி பரவியபோது, டச்சுக் கம்பெனி 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கி, பெரும்பகுதியை இலங்கைக்கு அனுப்பியதாக வரலாற்றாய்வாளர் மார்க்கஸ் விங்க் கணக்கிடுகிறார். 1694 முதல் 1696 வரை தனி வணிகர்கள் மட்டும் இலங்கைக்குக் கொண்டுபோனவர்கள் 3,859 பேர் என்கிறது அவருடைய ஆய்வு. கடைசி இலக்கமான ஒன்பது வரை எண்ணி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தலைக்கு இவ்வளவு என்று தீர்வை வாங்குகிற இடத்தில் கணக்கு பிசகாது.

ஆங்கிலேயரின் சென்னைப்பட்டினம் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் காலத்தில், ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருந்தது. கோட்டைக்குள் இருக்கும் புனித மரியன்னை ஆலயத்தின் திருமணப் பதிவேட்டில் முதல் பதிவே அவருடைய திருமணம்தான், 1680ஆம் ஆண்டு. சிறு வயதில் இறந்த அவருடைய மகனின் கல்லறைத் தூண் இன்றும் உயர் நீதிமன்றத்துக்கு அருகே நிற்கிறது. அவர் 1718இல் அனுப்பிய நன்கொடைக்காக அமெரிக்காவில் ஒரு கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அந்தப் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில், தன் வரலாற்றில் அடிமை முறைக்கு இருந்த பங்குக்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது. ஆளுநருக்குத் திருமணப் பதிவு, மகனுக்குக் கல்லறை, பெயருக்குப் பல்கலைக்கழகம் என்று இரண்டு கண்டங்களில் தடயம் இருக்கிறது. அவர் காலத்தில் கப்பலேறியவர்களின் தடயம், இருக்கும் அளவுக்கு, உங்கள் காப்பகத்தின் கோட்டை ஆலோசனைப் புத்தகங்களில், அதாவது ஆளுநர் சபையின் கூட்டப் பதிவுகளில், சிதறிக் கிடக்கிறது.

சிதறிக் கிடக்கிறது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆலோசனைப் புத்தகங்களும் கடிதப் புத்தகங்களும் நாள்வாரியாகக் கட்டப்பட்டவை. சென்ற நூற்றாண்டில் அச்சிடப்பட்ட தொகுதிகளின் கடைசியில் வரும் அடைவுகளோ ஆளுநர், தளபதி, வணிகர், கப்பல், துணி வகை என்று விரிபவை. மேயர் கோர்ட்டு வழக்குகளில் வரும் உயில்களிலும், இறந்துபோன வெள்ளைக்காரர்களின் உடைமைப் பட்டியல்களிலும் அடிமை வருவார். ஆனால் அவரைத் தேடிப் போகிறவர் அவருடைய எஜமானின் பெயரைத்தான் முதலில் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: கட்டில், செம்புப் பானை, பல்லக்கு என்று வரிசையாகப் போகும் கை, அதே மையில், அதே சாய்வில், ஒரு சிறுமியையும் எழுதி, எதிரே வராகன் கணக்கைப் போட்டுவிட்டு, அடுத்த வரியில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் போய்விடும். எழுதியவருக்குத் தயக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. படிக்கிற நமக்குத்தான் அந்த வரியில் பென்சில் நின்றுவிடுகிறது.

இன்னொரு புதையலும் உங்களிடம் இருக்கிறது. கொச்சி டச்சுக்காரர்களிடமிருந்து 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், பிறகு சென்னை மாகாணத்தோடு சேர்ந்ததால், அங்கிருந்த டச்சு நிர்வாக ஆவணங்கள் எழும்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 18ஆம் நூற்றாண்டில் அடிமைகளை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றிய பத்திரங்கள் இருக்கின்றன: விற்றவர், வாங்கியவர், விற்கப்பட்டவரின் பெயர், வயது, சாதி, விலை. தென்னிந்தியாவில் அடிமைகளை ஆளுக்கு ஆள் பெயரோடு சந்திக்கக்கூடிய மிகச் சில ஆவணத் தொகுதிகளில் இது ஒன்று. இவற்றின் மின்படிகளை நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் வழியே உலகில் எங்கிருந்தும் பார்க்கலாம். ஐரோப்பிய ஆய்வாளர்கள் பார்த்து, எண்ணி, எழுதியும் விட்டார்கள். மூலம் எழும்பூரில், அதைப் பற்றிய பேச்சு ஹேக்கிலும் ஆம்ஸ்டர்டாமிலும். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டச்சு மொழி படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பத்திரங்களில் இருக்கும் பெயர்களாவது தமிழிலும் மலையாளத்திலும் கிடைத்தால், அந்தப் பெயர்கள் யாருடைய நாவில் பிறந்தனவோ அவர்கள் அடையாளம் காண முடியும் என்பதே என் ஆதங்கம்.

பெயர்களை அடையாளம் காண்பது எளிய வேலை இல்லை. டச்சுக்காரர்கள் 'உ' ஒலிக்கு 'ஓ' (o), 'இ' (e) என இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். ஆகவே நம் 'முத்து' அவர்கள் ஏட்டில் 'மோயெட்டோயெ' போலக் கண்ணுக்குத் தெரியும். ஆங்கிலக் குமாஸ்தா எழுதினால் அதே முத்து 'மூட்டூ'. தமிழர்களையும் தமிழ் மொழியையும் ஐரோப்பியர்கள் நெடுங்காலம் 'மலபார்' என்றே அழைத்ததால், வான் மலபார் என்ற ஒருவர் கள்ளிக்கோட்டைக்காரரா கடலூர்க்காரரா என்பது அந்தச் சொல்லை வைத்து மட்டும் முடிவாகாது. பெயரே மாறிவிடுவதும் உண்டு: கப்பலில் வந்து இறங்கியவருக்கு ஜனவரி, மார்ச் என்று மாதப் பெயரையோ, கியூபிட், டைட்டஸ் என்று ரோமாபுரிப் பெயரையோ சூட்டிவிடுவார்கள். ஞானஸ்நானம் பெற்றால் அதுவும் போய் இன்னொன்று வரும். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 1707 மே மாதம் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனிஷ்காரர்களின் வீட்டு அடிமைகள். தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு அந்த ஐவரிடமிருந்து தொடங்குகிறது; நாம் அதை மிஷனரியிடமிருந்து தொடங்குவதாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

இந்த இடத்தில் சேக்கிழாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருமண வேளையில் கிழவேதியர் வந்து, சுந்தரரைத் தன் அடிமை என்று வழக்கிடுகிறார். அவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் இருக்கிறது என்று வேதியர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் அதை நீட்டுகிறார். 'யானும் என்பால் வருமுறை மரபுளோரும் வழித்தொண்டு செய்தற்கு' எழுதிக்கொடுத்ததாக அதில் பாட்டனார் கையெழுத்து. அவையோர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை 'அரண்தரு காப்பில்' இருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். பக்தி ஒருபுறம் இருக்கட்டும். படி, மூலம், சாட்சிக் கையெழுத்து, பாதுகாப்பகத்திலிருந்து எடுத்த இன்னோர் ஆவணத்தோடு ஒப்பீடு என்று இன்றைய ஆய்வறையில் நாம் செய்யும் எல்லாம் அந்தக் கதையில் இருக்கிறது; பிறக்காத பிள்ளைகளையும் சேர்த்து எழுதிக்கொடுக்கும் ஆளோலையின் வாசகமும் இருக்கிறது. ஓர் ஆளை அடிமை என்று நிறுவப் பயன்பட்ட ஒப்புநோக்கலை, அந்த ஆள் யார் என்று அறிய நாம் பயன்படுத்தலாம் என்பதே நான் சொல்ல வருவது.

ஆளோலைகள் கதையில் மட்டும் இல்லை. திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டில், 1201ஆம் ஆண்டு காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சத்தில், வேளாளர் ஒருவரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குக் கோயிலுக்குத் தங்களை விற்றுக்கொண்ட செய்தி இருக்கிறது. நாஞ்சில்நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளில் அடிமை விற்பனை ஓலைகள் கிடைத்திருக்கின்றன. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1743ஆம் ஆண்டு, ஊர்ப்புறத்து ஆட்களை ஏமாற்றிப் பிடித்துவந்து, தலையை மழித்து, கப்பல் வரும்வரை அடைத்து வைத்திருந்த கூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இவையெல்லாம் தமிழிலேயே எழுதப்பட்டவை. 'அடிமை முறை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது' என்று மேடையில் பேசுகிறவர்களும், 'நம்மிடம் இருந்தது வெறும் பண்ணை உறவு' என்று சமாளிக்கிறவர்களும் இவற்றைத் தொடுவதில்லை.

அந்தப் 'பண்ணை உறவை'ப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. என் பாட்டி மதுராந்தகம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் படியாள் குடும்பத்தில் பிறந்தவர். தொண்ணூறு வயதில், சென்னைக்கு வந்து எங்களோடு இருந்த காலத்திலும், நிலக்காரர் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்தி 'ஆண்டை' என்றுதான் சொல்வார். களத்தில் நெல்லைத் தூற்றி அளந்து முடித்த பிறகு மண்ணோடு கிடப்பதைக் கூட்டிப் புடைத்து எடுத்துவருவது தன் பங்கு என்று சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். அது ஏன் என்று சிறுவயதில் எனக்குப் புரிந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன், அந்த ஊர் நிலக்காரக் குடும்பத்தின் வாரிசு ஒருவர், நல்ல மனிதர், தங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை இறக்கி எனக்குக் காட்டினார். செல்லரித்த ஓரம், பழுப்பு மை. அதில் மாடுகளுக்குத் தனித்தனி வரி இருந்தது: மயிலை ஒன்று, செவலை ஒன்று, காரி ஒன்று, கொம்பு முறிந்தது என்ற குறிப்போடு. அதற்குக் கீழே ஒரே வரி: 'ஆள் 5'. என் பாட்டியின் தகப்பனார் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம்.

அரசு ஆவணங்களும் ஏறக்குறைய இப்படித்தான். வருவாய் வாரியம் 1819இல் மாவட்ட கலெக்டர்களிடம் அடிமைகளைப் பற்றி விசாரித்தபோது வந்த பதில்கள் உங்கள் வருவாய் வாரிய நடவடிக்கைத் தொகுதிகளில் இருக்கின்றன. நிலத்தோடு விற்கப்படுவாரா, நிலமில்லாமலும் விற்கலாமா, என்ன விலை, என்ன கூலி என்றெல்லாம் அவை விரிவாகப் பேசும். பெயர் பெரும்பாலும் வராது. நிலவரி வசூல் கெட்டுவிடக் கூடாது என்ற கவலை அந்தப் பக்கங்களில் அடிக்கடி எட்டிப்பார்க்கும். 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமையின் மீதான உடைமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் ஆளை விற்பதும் வாங்குவதும் குற்றமாயின. சட்டம் மாறியும் கடன்பத்திரம் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றிச் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய குறிப்பும், அதன் விளைவாக 1892இல் வந்த, பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்த 1010ஆம் அரசாணையும் அந்தத் தொடர்ச்சியின் சாட்சிகள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று.

அந்த 1976ஐச் சொன்னதால் ஒரு துணைக் கோரிக்கை, மறந்துவிடுமுன். இன்றும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மீட்கப்படுகிறவர்களுக்குக் கோட்டாட்சியர் அலுவலகங்கள் விடுதலைச் சான்றிதழ் வழங்குகின்றன. அதில் பெயர், ஊர், வாங்கிய முன்பணம், வேலை செய்த காலம் எல்லாம் பதிவாகின்றன. பண்ணையாள் வரலாற்றில் முதல் முறையாக ஆளுக்கு ஆள் பெயரோடு அரசே எழுதும் ஏடு இதுவென்றே சொல்லலாம். அந்தக் கோப்புகள் அலுவலக வழக்கில் ப.மு. (பத்தாண்டு முடிவு) என்று முடிக்கப்பட்டால் பத்தாண்டில் கழித்துக்கட்டப்படும், மூ.மு. (மூன்றாண்டு முடிவு) என்றால் அதற்கும் முன்பே. அவற்றை நி.மு. ஆக, அதாவது நிரந்தரமாக வைக்க வேண்டியவையாக முடித்து, காலம் வந்ததும் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை உங்கள் அலுவலகத்தின் முயற்சியில் வந்தால், நூறாண்டு கழித்து என்னைப் போல வந்து உட்காரும் ஒருவருக்கு 'ஆள் 5' என்ற வரியோடு திரும்பிப் போக வேண்டியிராது.

பெயரடைவுக்கு வருகிறேன். இது நடக்கக்கூடியதா என்றால், நடந்திருக்கிறது. சூரினாமின் அடிமைப் பதிவேடுகளை அந்நாட்டுப் பல்கலைக்கழகமும் நெதர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து, பொதுமக்களிடம் நிதி திரட்டி, தன்னார்வலர்களைக் கொண்டே படியெடுத்து 2018இல் இணையத்தில் வைத்தன; குடும்பம் குடும்பமாக அமர்ந்து முன்னோரைத் தேடினார்கள். டச்சுக் கம்பெனியின் பழைய கையெழுத்தைக் கணினியே படித்து எழுத்தாக்கும் வேலை லட்சக்கணக்கான பக்கங்களுக்கு முடிந்திருக்கிறது. எழும்பூரில் உள்ள டச்சுப் பத்திரங்களுக்கும் அதையே செய்யலாம். ஆங்கிலத் தொகுதிகள் ஓரளவு அச்சாகியே இருக்கின்றன; அங்கே தேவைப்படுவது பொறுமை மட்டும்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போதும். ஏட்டில் இருக்கிறபடியே பெயர், எழுத்து மாறாமல். அது தமிழில் என்னவாக இருந்திருக்கக்கூடும் என்ற ஊகம், ஊகம் என்ற குறிப்போடு தனியாக. ஊர், வயது, யார் விற்றது, யார் வாங்கியது, எந்தத் தொகுதி, எந்தப் பக்கம். ஊகத்தையும் பதிவையும் கலந்துவிட்டால் அடைவு கெட்டுப்போகும் என்பதில் நான் கறாராக இருப்பேன். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் 'இவர் எங்கள் ஆள்' என்று உரிமை கொண்டாடும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

சாதியைப் பற்றி ஒரு வார்த்தை. கொச்சிப் பத்திரங்களில் சாதி எழுதியிருக்கிறது என்றேன். பழைய பத்திரத்தில் இருப்பதை மறைப்பது பொய்யாகிவிடும்; ஆனால் உயிரோடிருக்கும் ஒருவரைச் சுட்டிக்காட்டி 'உன் பாட்டன் விற்கப்பட்டவன்' என்று ஏளனம் செய்ய அதை எடுத்துக்கொள்ளும் ஊரில்தான் நாம் வாழ்கிறோம். ஆகவே குறிப்பிட்ட ஓர் ஆண்டுக்கு முந்தைய பதிவுகளை மட்டும் முழுமையாக வெளியிட்டு, பிந்தையவற்றை ஆய்வறையில் நேரில் வருவோருக்கு மட்டும் காட்டுவது நல்லது. எந்த ஆண்டு என்பதை, விற்கப்பட்டவர்களின் வழிவந்த சமூகங்களைச் சேர்ந்தவர்களும் உட்கார்ந்திருக்கும் ஒரு குழு முடிவு செய்யட்டும். அதிகாரிகளும் பேராசிரியர்களும் மட்டும் கூடி முடிவெடுத்தால் பழைய கணக்குப் புத்தகத்தின் புதிய பதிப்பாகிவிடும்.

பணமும் பணியிடமும் இல்லை என்ற பதில் வரக்கூடும் என்று எனக்குத் தெரியும். அரசு அலுவலகங்களின் நிலை அறியாதவன் இல்லை நான். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இரண்டு கல்லூரி மாணவர்களுமாக நாங்கள் ஏழு பேர், வாரத்தில் இரண்டு நாள், ஊதியம் இல்லாமல் வரத் தயார். எங்களில் ஒருவர் பழைய டச்சு எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். நீங்கள் தர வேண்டியது ஒரு மேசை, கட்டுகளைக் கேட்கும் அனுமதி, நாங்கள் எழுதும் அட்டைகளைச் சரிபார்க்கப் பழுத்த அனுபவமுள்ள உங்கள் அலுவலர் ஒருவர்.

மாதிரிக்காக ஓர் அட்டையை எழுதி இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். ஏட்டில் உள்ள பெயர்: கத்தரீனா. ஊர்: பழவேற்காடு. இருந்த இடங்கள்: பத்தாவியா, நன்னம்பிக்கை முனை. வழியினர்: ஸ்நைமன் குடும்பம், தென்னாப்பிரிக்கா. 'பெற்றோர் இட்ட பெயர்' என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. பின்னால் கிடைத்தால் எழுதுவதற்காக மற்றக் கட்டங்களைவிடச் சற்று அகலமாக அதை விட்டிருக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
அயனாவரம், சென்னை.